நூற்றில் ஆறு

2009 மே மாதம். தம்பிக்கு எட்டு வயது, எனக்குப் பதின்மூன்று. பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஆறு நாள் கிடந்து, உடம்பில் ஏறியிருந்த கீட்டோன் எல்லாம் இறங்கி, தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“பெரியவளுக்கும் வருமா டாக்டர்?”

டாக்டர் கன்னடக்காரர். ஓசூர் ஆட்கள் என்றதும் தமிழில் பேசிப் பார்த்தார். “நூறு பேர்ல ஆறு பேருக்கு வரும்மா. மிச்சம் தொண்ணூத்தி நாலு பேருக்கு வராது.”

அம்மா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாள். ஊர் திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டி, ஜூஜூவாடி செக்போஸ்டில் பஸ் நின்றது. வெயிலுக்கு நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். “ஏன்டி, ரொம்ப தாகமா இருக்கா?” என்று அம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்று இரவு தம்பிக்கு வாங்கிய குளுக்கோமீட்டரில் என் விரலையும் குத்திப் பார்த்தாள். 92. அடுத்த வாரமும் குத்தினாள். ஸ்ட்ரிப் ஒன்று இருபது ரூபாய்க்கு மேல் விற்ற காலம் அது. தம்பிக்கே கணக்குப் பார்த்துச் செலவழித்த ஸ்ட்ரிப்பில் எனக்கென்று வாரம் ஒன்று ஒதுக்கினாள். நோட்டில் தம்பிக்கு நாலு பத்தி, எனக்கு ஓரமாக ஒரு பத்தி.

பிளஸ் டூ முடிக்கும் வரை இது நடந்தது. அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது ரொம்பப் பிறகு, வேலைக்குப் போய் கையில் நெட்டும் நேரமும் கிடைத்தபோது. டாக்டர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ இருக்கிறார்கள்.

1922-க்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே வழி கிடையாது. குழந்தைக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் சில மாதங்கள், மிஞ்சினால் ஓரிரு வருடங்கள். பட்டினி போட்டுக் கொஞ்சம் நாளை நீட்டுவதுதான் அன்றைய பெரிய வைத்தியம். ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கும் வந்தால், முதல் பிள்ளை அதற்குள் போயிருக்கும். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு பான்டிங் குழு தயாரித்த கணையச் சாறை ஊசியாகப் போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லை, பெரிதாகப் பலனும் இல்லை. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் ராப்பகலாக உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்ததை ஜனவரி 23 அன்று போட்டபோது சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் மேலும் 13 வருடம் வாழ்ந்தான். அவனைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்து வளர ஆரம்பித்த பிறகுதான், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே கிளினிக்குக்கு வருவதை டாக்டர்கள் பார்த்தார்கள். சகோதரர்கள் என்ற கணக்கே அப்போதுதான் பிறக்கிறது.

முதலில் கணக்குப் போட்டவர்களில் இரண்டு பேர் பாஸ்டன்காரர்கள். ஒருவர் பிரிசில்லா வைட், ஜாஸ்லினின் கிளினிக்கில் குழந்தைகளைப் பார்த்துவந்த டாக்டர். இன்னொருவர் கிரிகரி பின்கஸ், பிற்காலத்தில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியதில் பெயர் வாங்கியவர். 1933-ல் இவர்கள் குடும்ப வரலாறுகளை அடுக்கிப் பார்த்து, நீரிழிவு மெண்டலின் பட்டாணிச் செடிபோல ஒரே ஒரு ஒடுங்கு பண்பாக இறங்குகிறது என்றார்கள். அதாவது அப்பா, அம்மா இரண்டு பேரும் வெளியே தெரியாமல் அந்தக் கோளாறைச் சுமக்க வேண்டும். அப்போது நாலு பிள்ளையில் ஒருவருக்கு வரும்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டில் நடந்த சண்டை அப்படியே இது. அம்மா கட்டிக்கொண்டது தன் சொந்தத் தாய்மாமனை. ஓசூர்ப் பக்கம் இதில் அதிசயமே இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசும் ஊர் இது. மூன்று பேர் வீட்டிலும் மாமன் முறை, அக்கா மகள் முறை எல்லாம் உண்டு. எண்பதுகளில் லாரி கம்பெனி, மொபெட் கம்பெனி, வாட்ச் கம்பெனி என்று சிப்காட் நிரம்பியபோது சேலம், தர்மபுரி பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்களும் அதே வழக்கத்தோடுதான் வந்தார்கள். தம்பிக்கு வந்ததும் லைன் வீட்டிலிருந்த எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. “சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்.” அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பி ஷிப்ட் போய்விடுவார். குற்றவாளிக் கூண்டில் அம்மா மட்டும் நின்றாள்.

பின்கஸும் வைட்டும் போட்ட கணக்கு ஏன் பிசகியது? அவர்கள் கையிலிருந்த பட்டியலில் இரண்டு வேறு நோய்கள் ஒரே பெயரில் கலந்திருந்தன. இன்சுலினே சுரக்காமல் போகும் பிள்ளைகள் ஒரு பக்கம், இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத பெரியவர்கள் இன்னொரு பக்கம். லண்டனில் ஹாரல்ட் ஹிம்ஸ்வொர்த் 1936-லேயே இவை வேறு வேறு என்று சோதனை செய்து காட்டினார். மருத்துவ உலகம் அதை முழுசாக ஏற்க இன்னும் நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது. நீரிழிவு என்பது மரபியலாளரின் கெட்ட கனவு என்று ஜேம்ஸ் நீல் சொன்னது இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான்.

குழப்பத்தை உடைத்தவர்கள் இரட்டையர்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் டேவிட் பைக் என்பவர், ஒருவருக்காவது சர்க்கரை உள்ள ஒரே கரு இரட்டையர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1981-ல் அவரும் கூட்டாளிகளும் 200 ஜோடிகளின் கணக்கை வெளியிட்டார்கள். அதில் இன்சுலின் ஊசியை நம்பி வாழ்ந்தவர்கள் 147 ஜோடி. இரண்டு பேருக்குமே வந்தது 80 ஜோடிகளில். மீதி 67 ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும். அச்சுக்கு அச்சு ஒரே மரபணு, ஒரே வயிறு, பெரும்பாலும் ஒரே வீட்டுச் சோறு. அப்படியும் கிட்டத்தட்ட பாதி ஜோடிகளில் இன்னொருவர் தப்பியிருக்கிறார். பரம்பரை மட்டும்தான் காரணம் என்றால் இது நடக்கவே நடக்காது. இதிலும் ஒரு சாய்வு உண்டு. ஜோடியில் இரண்டு பேருக்கும் வந்தால்தான் டாக்டர்கள் ஆச்சரியப்பட்டு பைக்குக்கு எழுதிப் போடுவார்கள், அதனால் 80 என்பது கொஞ்சம் வீங்கிய எண்ணாக இருக்கலாம். அதே நேரம், இரட்டையர்களைப் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2008-ல் வந்தது. முதலில் தப்பிய இரட்டையரில் 65 சதவீதம் பேருக்கு 60 வயதுக்குள் வந்துவிட்டது என்றது. எப்போது எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணும் மாறுகிறது.

பைக்கின் பட்டியலில் என்னைச் சிரிக்க வைத்த ஒன்று உண்டு. ஊசி தேவைப்படாத, பெரியவர்களுக்கு வரும் வகையில் 53 ஜோடி. அதில் 48 ஜோடிகளில் இரண்டு பேருக்குமே சர்க்கரை. “தின்னு தின்னு வந்தது” என்று நாம் சொல்லும் நோய்தான் பரம்பரையில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. “பரம்பரைக் கோளாறு” என்று அம்மாவின் தலையில் கட்டிய நோய் பாதியில் கைவிட்டுவிடுகிறது.

எழுபதுகளின் நடுவில் இன்னொரு கதவு திறந்தது. இந்த வகையில் கணையத்தின் பீட்டா செல்களை அழிப்பது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமேதான் என்பதற்குச் சான்றுகள் சேர ஆரம்பித்தன. 1974-ல் லண்டனில் போட்டாஸோ, டோனியாக் குழு நோயாளிகளின் ரத்தத்தில் அந்தச் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டது. அதே சமயம் லிவர்பூலில் ஆன்ட்ரூ கட்வொர்த்தும் வுட்ரோவும் நோயுள்ள சகோதரர்களின் எச்.எல்.ஏ. மரபணுக்களை ஒப்பிட்டார்கள். எச்.எல்.ஏ. என்பது தன் செல் எது, அந்நியம் எது என்று உடம்பு அடையாளம் பார்க்கும் முத்திரை.

இதைச் சாவிக்கொத்து மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் இரண்டு கொத்து, அப்பாவிடம் இரண்டு கொத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு கொத்து கொடுக்கிறார்கள். தம்பிக்குக் கிடைத்த அதே இரண்டு கொத்தும் எனக்குக் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று மட்டும் பொருந்த பாதி வாய்ப்பு. ஒன்றுமே பொருந்தாமலிருக்க நாலில் ஒன்று. இரண்டு பேருக்கும் டைப் ஒன் வந்த சகோதரர்களை எடுத்துப் பார்த்தால், இரண்டு கொத்தும் பொருந்தியவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். ஆக, ‘நூற்றில் ஆறு’ என்பது சராசரி மட்டும். இரண்டும் பொருந்திய அக்காவுக்கு அது இரண்டு மடங்குக்கு மேல் போகும். எதுவுமே பொருந்தாத அக்காவுக்கு நூற்றில் ஒன்று அளவுக்கு இறங்கும். நான் இதில் எந்த அக்கா என்று வார்டில் அன்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க வசதியும் இல்லை.

கட்வொர்த் பிறகு லண்டனுக்கு வந்து, 1978-ல் வின்ட்சர் வட்டாரத்தில் டைப் ஒன் பிள்ளையுள்ள குடும்பங்களைத் திரட்டினார். அந்த ஆய்வின் வேலை காத்திருப்பதுதான். நோய் வராத அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளிடம் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் எடுத்து வைப்பது. யாருக்காவது நோய் வந்தால் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது. எங்கள் அம்மா செய்ததும் இதேதான், மைக்ரோஸ்கோப் இல்லாமல். 1981-ல் முடிவு வந்தது. திடீரென்று நேற்று வந்த மாதிரி தெரியும் நோய், ரத்தத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் முன்பே ஆரம்பித்திருக்கிறது. கட்வொர்த் அடுத்த வருடமே இறந்துபோனார். 1985-ல் தொடங்கிய பார்ட்ஸ்-ஆக்ஸ்போர்டு ஆய்வு அந்தக் காத்திருப்பைத் தொடர்ந்தது. அம்மா கேட்ட ‘ஆறு’ இப்படிப்பட்ட ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களின் ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுத்தது.

அடுத்து நான் எதிர்பாராத ஒரு பெயர். 1983-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் பாஸ்டனிலிருந்து ஒரு கட்டுரை. ஒருவருக்கு மட்டும் நோய் இருந்த, ஒரே கருவில் பிறந்த மூவரையும் சில இரட்டையர்களையும் வருடக்கணக்கில் கவனித்து எழுதியது. நோய் வரப்போகும் உடன்பிறப்புக்கு முதலில் ஆன்டிபாடி தெரிகிறது, பிறகு இன்சுலின் சுரப்பு மெல்ல மெல்லத் தேய்கிறது, கடைசியில்தான் சர்க்கரை ஏறுகிறது. முதல் ஆசிரியரின் பெயர் எஸ். ஸ்ரீகாந்தா. கூட இருந்தவர் ஜார்ஜ் ஐசன்பார்த். 1986-ல் இந்த நோயைப் படிப்படியான, நாள்பட்ட எதிர்ப்பு மண்டல நோய் என்று ஐசன்பார்த் வரைந்துகாட்டிய படம் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஸ்ரீகாந்தா பெங்களூருக்குத் திரும்பினார். அங்கே சமத்வம் என்ற அமைப்பில் நீரிழிவுள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலின் கொடுத்துப் பார்த்துவருபவர் அவர்தான். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அமெரிக்கா வரை தேடிப் போன பதிலை எழுதியவர்களில் ஒருவர் எங்கள் பஸ் ரூட்டிலேயே இருந்திருக்கிறார்!

சொந்தத்தில் கட்டுவது விஷயத்துக்கு வருகிறேன். அதில் உண்மையே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். 1938-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வுல்ஃப்ராம், வேகனர் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரைப் பற்றி எழுதினார்கள். நாலு பேருக்கும் சர்க்கரை, நாலு பேருக்கும் கண் நரம்பு செத்துப் பார்வை மங்கியது. இதற்குக் காரணமான மரபணு 1998-ல் கிடைத்தது. பின்கஸ் கற்பனை செய்த ஒடுங்கு பண்பு இங்கே நிஜம். பெற்றோர் இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டினால் இருவரும் சுமப்பதற்கான வாய்ப்பு கூடும். பார்ப்பதற்கு இது டைப் ஒன் போலவே இருக்கும், நோய் வேறு. அதனால் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சர்க்கரை என்றால், அதிலும் பெற்றோர் ரத்த சொந்தம் என்றால், டாக்டர் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும், ஆன்டிபாடி பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வந்த குழந்தை என்றால் மரபணுச் சோதனை கட்டாயம். அதில் ஒரு வகைக்கு ஊசியே வேண்டாம், மாத்திரை போதும் என்று 2004-க்குப் பிறகு தெரிந்துவிட்டது. சென்னையில் டாக்டர் மோகனின் ஆய்வு மையம் இந்தச் சோதனைகளைச் செய்கிறது.

தம்பிக்கு வந்தது சாதாரண டைப் ஒன். புதிதாக டைப் ஒன் வரும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டொன்பது பேரின் நெருங்கிய குடும்பத்தில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை. இந்த ஒரு வரியை 2009-ல் யாராவது லைன் வீட்டு வாசலில் நின்று உரக்கப் படித்திருக்கலாம்.

சரி, எங்கள் ஊருக்கு அந்த ஆறு பொருந்துமா? ஓசூருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பதிவேடு இருந்தது. தொண்ணூறுகளில் சென்னையில் ராமச்சந்திரன் குழு எண்ணியபோது, வருடத்துக்கு லட்சம் பிள்ளைகளில் 10.5 பேருக்குப் புதிதாக வந்தது. 1995 முதல் 2008 வரை கர்நாடகப் பதிவேடு எண்ணியதில் லட்சத்துக்குச் சுமார் நாலு. பின்லாந்தில் ஐம்பதுக்கு மேல். இதை வைத்து நான் ஒரு அடுப்பங்கரைக் கணக்குப் போட்டேன். 15 வயதுக்குள் சென்னைப் பிள்ளை ஆயிரத்தில் ஒன்றரை பேருக்கு வரும். கர்நாடகக் கணக்குப்படி ஆயிரத்தில் 0.6. உடன்பிறந்தவருக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்கு என்பது மரபியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பெருக்கல். பெருக்கினால் நூற்றில் இரண்டேகால், அல்லது நூற்றில் ஒன்று. பதினைந்து என்ற பெருக்கலும் அவர்கள் ஊர்க் குடும்பங்களில் எடுத்ததுதான், ஆகவே இதை யாரும் மருத்துவரிடம் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். ஆனாலும் அம்மா பயந்த ஆறு எங்களுக்குக் கொஞ்சம் பெரிய சைஸ் சட்டை என்றே நினைக்கிறேன்.

முன்கூட்டித் தெரிந்து என்ன பண்ணுவது என்ற கேள்விக்கு ரொம்ப நாள் பதில் இல்லை. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஒரு சோதனையில் நோயாளிகளின் உறவினர்கள் 84,228 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆபத்து அதிகமுள்ள 339 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு முன்கூட்டியே இன்சுலின் கொடுத்தார்கள். 2002-ல் வந்த முடிவு: ஒரு பிரயோஜனமும் இல்லை. 2019-ல்தான் முதல் நல்ல செய்தி. டெப்லிசுமாப் என்ற மருந்து, 76 பேரில் செய்த சோதனையில், நோய் தொடங்குவதைச் சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அதன் விலையை இங்கே எழுதினால் கட்டுரை நகைச்சுவையாகிவிடும்.

விலையில்லாத ஒரு பலன் உண்டு, அது பல நாடுகளில் பார்த்து உறுதியானது. வீட்டில் ஏற்கனவே ஒரு பிள்ளைக்கு இருந்தால், இரண்டாவது பிள்ளைக்கு வரும்போது சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கீட்டோன் ஏறி ஐ.சி.யூ. போவது குறைகிறது. தாகம், ராத்திரி எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போவது, எடை இறங்குவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது எல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். தம்பிக்கு இவை அத்தனையும் இருந்தன. பக்கத்து கிளினிக்கில் வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் போனது, பிறகு மூச்சு வாங்கியது, பிறகுதான் பெங்களூர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதல்வர் தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு வந்து சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், பெரிய காரியம். வாசலில் மருந்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தா, பாட்டிகள். சுகர் என்றால் வயதானவர் வியாதி என்ற எண்ணம் மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு ஒரு சொட்டு ரத்தம் குத்திப் பார்க்க இன்றைக்கும் பல பேருக்குத் தோன்றுவதில்லை.

இருபத்தாறு வயதில் நான் பெங்களூரில் ஒரு லேபில் ஆன்டிபாடி பார்த்துக்கொண்டேன். இரண்டோ அதற்கு மேலோ ஆன்டிபாடி காட்டும் பிள்ளைகளில் பத்துக்கு ஏழு பேருக்குப் பத்து வருடத்துக்குள் நோய் வரும் என்று 2013-ல் வெளியான ஆய்வைப் படித்துவிட்டு, ரிசல்ட் வரும் வரை தூங்கவில்லை. எதுவும் இல்லை. அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப அந்த நோட்ட என்ன பண்றது?” என்றாள்.

தம்பி இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறான். போன மாதம் அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தது. இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று படித்தான்.

“எனக்குப் பொறக்கற கொழந்தைக்கு வருமாக்கா?”

ஜாஸ்லின் கிளினிக்கில் 1984-ல் இதையும் எண்ணியிருக்கிறார்கள். அம்மாவுக்கு டைப் ஒன் இருந்தால் பிள்ளைக்கு 20 வயதுக்குள் வருவது நூற்றில் 1.3. அப்பாவுக்கு இருந்தால் 6.1. ஏன் இந்த வித்தியாசம் என்று இன்னும் சண்டை நடக்கிறது.

“ஆறு” என்றேன்.

“மறுபடியும் ஆறா?” என்று சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸ் பக்கத்தில் பேனா ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு சி ஷிப்டுக்குக் கிளம்பினான்.